இரண்டாம் குப்பி

தொழில் என்று கேட்ட கட்டத்தில்
பிறந்த தேதியை எழுதி, அடித்து,
அடித்ததன் மேலேயே 'லிஃப்ட்' என்று எழுதினார் ஜுராந்திர்.
நாற்பத்து மூன்று வயது.
மற்றதை நான் நிரப்பினேன்.

போர்ட்டோ அலெக்ரேயில் காலையிலிருந்தே மழை.
ஆறாம் மாடியில் ஜன்னலில்லா அறை,
ஒரு திரை, ஒரு பொத்தான்.
எழுத்துகள் வரும், ஒவ்வொன்றுக்கும் அழுத்த வேண்டும்.
எக்ஸ் வந்தால் மட்டும்
விரலை அடக்கிக்கொள்ள வேண்டும்.
"அடக்குவதுதானே என் நோய்" என்றார்.
முப்பத்தாறு எக்ஸில் இருபத்தேழை அழுத்தினார்.
ஒவ்வொரு தடவையும்
திரையிடம் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு குப்பி.
ஒன்றில் மருந்து, ஒன்றில் மாவு.
ஒரே நிறம், ஒரே எடை,
குலுக்கினால் ஒரே சத்தம்.
எது எதுவென்று அவருக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது.
அடித்தளத்து அலமாரியில்
அரக்கு வைத்த உறைக்கு மட்டும் தெரியும்.
என் முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதாம்.
தெரியாத ஒன்றை எந்த முகம் காட்டிக்கொடுக்கும்?
இருந்தாலும் பழகினேன்,
கழிவறைக் கண்ணாடி முன்,
எதுவும் இல்லாத முகத்தை.

முதல் குப்பி முடிந்து வந்தார்.
"மாவு. சந்தேகமே இல்லை.
வாய் காய்கிறது, அவ்வளவுதான்.
நேற்று இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி
குவாயிபா கரைவரை போய்விட்டேன்."
அன்று அழுத்திய எக்ஸ் பதினொன்று.
எழுதிக்கொண்டேன்.
சொல்வதற்கு எனக்கு அனுமதியில்லை.

ஒரு வாரம் சும்மா.
பிறகு இரண்டாம் குப்பி.

அது முடிந்து வந்த நாளில்
கதவைத் தட்டாமல் நுழைந்தார்.
"இதுதான் நெய்வா, இதுதான்!"
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு பெட்டி சிக்கியது.
உள்ளே செல்லோவோடு ஒரு பெண்.
நாற்பது நிமிடம் இடுக்கு வழியாக
அவள் மூச்சு சீராகும்வரை பேசினாராம்.
கை வேறெங்கும் போகாமல்
ஒரு திருகுக்குப் பின் ஒரு திருகு.
வீட்டில் மகள் தைனாரா
தோழியின் வெள்ளெலி செத்த கதையைச் சொல்ல,
கடைசிவரை கேட்டாராம்.
"முடிந்ததும் ஒரு கேள்விகூடக் கேட்டேன்,
பிள்ளை பயந்துபோனாள்."

அன்று அழுத்திய எக்ஸ் இருபத்தாறு.
மன்னிப்புக் கேட்டார்,
சிரித்துக்கொண்டே.

மார்ச்சில் உறை பிரிந்தது.
முதலாவது மருந்து.
இரண்டாவது மாவு.

சுரைக்குடுவையில் ஷிமரோன் ஆறிக்கொண்டிருந்தது.
குழலை வாயில் வைக்க மறந்து பிடித்திருந்தார்.
"அப்படியென்றால்
அந்தப் பெண்ணிடம் நாற்பது நிமிடம் பேசியது
யார்?"

மருத்துவர் வரைபடம் காட்டினார்.
மருந்து வேலை செய்கிறது. உண்மைதான்,
எண்ணியவள் நான், எக்ஸ் பொய் சொல்லாது.
ஆனால் என் அட்டவணையில்
வெள்ளெலிக்குக் கட்டம் இல்லை.

குப்பிகளைத் திரும்ப வாங்கி எண்ண வேண்டும், விதி.
கணக்குப்படி இரண்டாவதில் ஐந்து மிச்சம் இருக்க வேண்டும்.
இருந்தது இரண்டு.
"மறதிக்காரன்தானே, மறந்திருப்பேன்."
"மறந்தால் மிச்சம் கூடும், ஜுராந்திர்.
குறையாது."
ஜன்னல் இல்லாத அறையில்
ஜன்னலைத் தேடினார்.
'மூன்று குறைவு. காரணம் தெரியவில்லை'
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆகஸ்டில் எங்கள் மருத்துவமனை லிஃப்டே நின்றது.
வந்தவர் அவர்தான்.
இப்போது தினமும் காலையில் மருந்து, அசல் மருந்து,
போன மாதம் ஒரு கருவிகூடத் தொலையவில்லை என்றார்.
பிறகு குழியின் கதவை நெம்பித் திறந்து,
கீழே இருட்டைப் பார்த்து,
காலை வைக்குமுன்
சட்டைப் பையை ஒருமுறை தொட்டார்.
உள்ளே எதுவோ
மெல்ல உருண்ட சத்தம்.

முகத்தை வைத்துக்கொண்டேன்,
பழகியிருந்தபடியே.